நாற்பது கழிக்கவும்

ஏப்ரல் 3, புதன்

மேல் 168, கீழ் 98.

நோட்டின் முதல் வரி இதுவாக இருக்கட்டும் என்று டாக்டர் ஜெபராஜ் சொன்னார். "காலையும் சாயங்காலமும் பாத்து எழுதுங்க சார். எத்தனை நிமிஷம் நடந்தீங்கன்னும் எழுதுங்க. ஜூலை மூணாம் தேதி நோட்டோட வாங்க." ஆள் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் முத்திரை ஆய்வராக இருந்தவன் நான். முத்திரை என்றதும் பத்திர ஆபீஸ் என்று நினைக்கிறார்கள். அது இல்லை. கடைத் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் அரசாங்க முத்திரை அடிக்கிற வேலை. குற்றாலலிங்கம் வருகிறான் என்றால் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பாதிக் கடை ஷட்டரை இறக்கும்.

காலையில் ஒரு மாத்திரை. வாரத்தில் ஐந்து நாளாவது அரைமணி நேர நடை. உப்பு குறைக்க வேண்டும். நடந்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். "அஞ்சு பாயிண்ட், எட்டு பாயிண்ட். கேக்கதுக்குக் கொஞ்சமாத்தான் தெரியும். ஆனா பக்கவாதம் வராம இருக்கதுக்கு அது பெரிய விஷயம். நடக்கோம்லான்னு மாத்திரைய விட்டுராதீங்க, ரெண்டும் வேணும்" என்றார்.

பக்கவாதம் என்ற வார்த்தையை அவர் சொன்னதும் எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அண்ணன் சிதம்பரநாதன் அறுபத்தேழாவது வயதில்தான் விழுந்தான். ஒன்றரை வருஷம் படுக்கை. என் பெயரைச் சொல்ல வாயைக் கோணி முயற்சி செய்வான், கடைசிவரை வரவில்லை. எனக்கு ஜூன் 30 அன்று அறுபத்தேழு ஆகிறது.

புறப்படும்போது டாக்டர், "அம்மாவுக்கும் பாத்துருவோமா?" என்றார். ஆவுடைக்கு எதுக்கு என்று நானே சொல்லிவிட்டேன். நாற்பத்தோரு வருஷத்தில் என் மனைவி காய்ச்சல் என்று படுத்தது இரண்டு தடவை. அவளும், "எனக்கென்ன சார், மில்லுல மாவுத் தூக்குவாளி கெடக்கு. பூட்டிருவான்" என்று எழுந்துவிட்டாள்.

ஏப்ரல் 4, வியாழன்

நடை: 11 நிமிஷம். அதற்கு மேல் முடியவில்லை. மைதானத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

துணைக்கு வந்த ஆவுடை ரப்பர் செருப்போடு மேலும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். எனக்கு முன்னால் போய் நின்று நின்று திரும்பிப் பார்க்கிறாள். "என்னங்க, தேரு நெலைக்கு வருமா வராதா?" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடது தோளில் ஏதோ சுருக்கென்றது. வாயுவாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மங்கை ஓசூரிலிருந்து பிரஷர் மெஷின் அனுப்பியிருக்கிறாள். பேட்டரியில் ஓடுகிறது. கைப்பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் தானே ஊதி, தானே இறங்கி, எண்ணைக் காட்டுகிறது. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், எங்கேயும் முத்திரை இல்லை. மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா, அது தராசு இல்லப்பா" என்றாள். அளக்கிற எல்லாமே தராசுதான்.

5 நிமிஷம் சும்மா உட்கார்ந்து, பேசாமல், கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்துப் பார்த்தது: 170/98.

ஏப்ரல் 9, செவ்வாய்

நடந்து முடித்து வீட்டுக்குள் நுழைந்த கையோடு பார்த்தேன். 186! கட்டிலில் படுத்துவிட்டேன். ஆவுடையிடம் பீரோச் சாவி எங்கே, இன்ஷூரன்ஸ் பத்திரம் எங்கே என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவள் மோர் கொண்டுவந்து தந்தாள். உப்பில்லாத மோர். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 152.

மறுநாள் எழுதியது: மைதானத்தில் ஞானதுரை மாஸ்டரிடம் சொன்னேன். எழுபத்திரண்டு வயது, ரிட்டையர்டு டிரில் மாஸ்டர், இன்னும் சட்டைப் பையில் விசில் வைத்திருக்கிறார். "குத்தாலம் சார், ஓடுத மாட்டைப் பிடிச்சு எடை போடுவாகளா? நடக்கும்போது ஏறத்தான் செய்யும். உக்காந்து அடங்கின பெறவு, முன்ன இருந்ததுக்கும் கீழ எறங்கும். அதுக்குத்தான நடக்கோம்." நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம் என்றும் சொன்னார். எனக்கு எந்த வேகத்திலும் பாட வராது.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலை 160/94. நடை 22 நிமிஷம்.

இன்று எட்டுத் தடவை பார்த்தேன். ஆஸ்பத்திரி நர்ஸுக்கு போன் செய்து கேட்டதற்கு, "ரெண்டு தடவைக்கு மேல பாத்தா பாக்குததுலயே ஏறும் சார்" என்று வைத்துவிட்டாள்.

மே 5, ஞாயிறு

150/90. நடை 30 நிமிஷம். ஆவுடையும் நானும் ஒரே சீராக நடக்கிறோம். அவளால் இப்போது முன்னால் போய் நின்று கேலி செய்ய முடிவதில்லை. இது என் முன்னேற்றம்.

வீட்டில் இரண்டு குழம்பு கொதிக்கிறது. எனக்கு உப்புக் குறைத்தது. அவளுக்கு வழக்கம்போல. "ஒங்களுக்கு வந்த சீக்குக்கு நான் ஏன் பத்தியம் இருக்கணும்? உப்பில்லாத சோறு எனக்குத் தொண்டையில எறங்காது" என்கிறாள். நான் தொடாத மோர் மிளகாய், வடகம், நாரத்தங்காய் எல்லாம் வீணாகிவிடக் கூடாதே என்று அவள் தட்டுக்குப் போகிறது. வாசனை மட்டும் எனக்கு.

மே 19, ஞாயிறு

142/86. பெல்ட்டில் ஓர் ஓட்டை உள்ளே போயிருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நடுவில் நிற்காமல் ஏறினேன். மேலே போய் நின்று பெருமாள்புரம் முழுக்கப் பார்த்தேன். யாராவது பார்த்தால் எலக்‌ஷனில் ஜெயித்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

ஆவுடைக்கு மூன்று நாளாகத் தலைவலி. பிடரியில் இடிக்கிறதாம். அக்கினி நட்சத்திர வெயில். சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 1, சனி

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும். காலை 128/80. பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீர்க் குழாய் விஷயமாகச் சத்தம் போட்டுவிட்டுப் போனான். அதன் பிறகு 162/92. சாயங்காலம் 138/84.

ஒரே கருவி, ஒரே கை, ஒரே நாள், மூன்று எண். ஒரு தராசு இப்படிக் காட்டினால் அதன் பெயர் என்ன? என் சர்வீஸில் அதற்கு ஒரே பெயர்தான்: கள்ளத் தராசு. சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எது பொய், 128ஆ, 162ஆ? இறங்கிவிட்டது என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேனே, அதுவும் பொய்யா?

ஜூன் 2, ஞாயிறு

கள்ளனைப் பிடித்துவிட்டேன்.

ஆபீஸ் முறை இதுதான்: தராசில் சந்தேகம் வந்தால் அசல் கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். அசல் கல் என்பது அரசாங்கக் கல். பித்தளை. வெல்வெட் வைத்த பெட்டியில் இருக்கும். வெறுங்கையால் தொடக்கூடாது, துணியால்தான் எடுக்க வேண்டும். ஒரு கிலோ அசல் கல்லை வைத்துத் தராசு ஒரு கிலோவும் நாற்பது கிராமும் காட்டினால் தப்பு தராசுடையது. கல்லின்மேல் சந்தேகப்படக் கூடாது.

வீட்டில் அசல் கல்லுக்கு எங்கே போவது? யோசித்தபோது அடுக்களையில் தேங்காய் திருகும் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஆவுடையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"எனக்கு எதுக்குங்க?" என்றாள்.

"ஒனக்கு இல்ல. மெஷினுக்குத்தான் சோதனை. அஞ்சு நிமிஷம் பேசாம இரி."

ஐந்து நிமிஷம் பேசாமல் இருப்பது அவளுக்குப் பெரிய தண்டனை. இருந்தாள். பொத்தானை அமுக்கினேன். 164/100. கொஞ்சம் விட்டு மறுபடியும் அமுக்கினேன். 166/100.

"என்ன காட்டுது?"

"ஒன்னைய நோயாளிங்குது, களவாணி மெஷின்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டுத் தேங்காய்த் துருவலை மூடி வைத்து, "தலைய இடிக்கி, கொஞ்சம் படுக்கேன்" என்று போனாள்.

ஒரு நோயும் இல்லாதவளுக்கு 120/80 இருக்க வேண்டும். நாலு பாயிண்டை அவள் வயதுக்கு விட்டுக்கொடுத்தேன். ஆக, மேலே நாற்பது, கீழே இருபது அதிகம் காட்டுகிறது. ஒரு துண்டுக் காகிதத்தில் "40 கழிக்கவும்" என்று எழுதிப் பசை போட்டு மெஷின்மேல் ஒட்டிவிட்டேன். எத்தனை நாளுக்குப் பிறகு ஒரு கருவிமேல் நான் அடிக்கிற முத்திரை! மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஜூன் 3, திங்கள்

நேற்றைய நிறைவு போய்விட்டது. காலையில் மெஷின் 138 என்றது. கழித்தால் 98. இவ்வளவு நாளும் 98இல் நடந்துகொண்டிருக்கிறேனா? லோ பிரஷரில் மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுந்தபோது தலை சுற்றுவதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளித்தேன்.

ஜூன் 5, புதன்

மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஆவுடையிடம் சொல்லவில்லை. மோரில் உப்புப் போடச் சொன்னேன். "டாக்டர் சொன்னாகளா?" என்றாள். சொன்னார் என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

வாரச் சோதனை. ஆவுடை: 168/102. கருவியின் பிழை இன்னும் நாலு கூடியிருக்கிறது. உள்ளே இருக்கிற ஏதோ தளர்ந்துகொண்டு வருகிறது. இந்தக் கம்பெனிக்கு ஒரு புகார் விண்ணப்பம் எழுதாமல் விடப்போவதில்லை. அதற்கு நாலு வார அளவுகள் வேண்டும். தேதியோடு, கையெழுத்தோடு.

ஜூன் 12, புதன்

மெஷின் 156. கழித்தால் 116. நல்ல இடம். மாத்திரையை விட்டது சரிதான். நடை 40 நிமிஷம்.

சாரல் காற்று தொடங்கிவிட்டது. இந்தக் காற்றில் இன்னும் பத்து நிமிஷம்கூட நடக்கலாம். ஆனால் ஆவுடை என் வேகத்துக்கு வருவதில்லை. இருபது அடி பின்னால் வருகிறாள். இரண்டு இடத்தில் நின்றாள். இடது கால் செருப்பு தானாகக் கழன்று கழன்று போகிறதாம். ரப்பர் தேய்ந்திருக்கும், வேறு வாங்கிக்கொள் என்றேன். முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்து, "என்ன, தேரு நெலைக்கு வருமா?" என்று கேட்டேன். ஏப்ரலில் கேட்டாள் அல்லவா! அவள் கையை மட்டும் ஆட்டினாள்.

ஜூன் 14, வெள்ளி

ஞானதுரை மாஸ்டருடன் சிறு வாக்குவாதம். மெஷின் கதையைச் சொன்னேன். "எதுக்கும் டாக்டர்ட்ட கொண்டுபோய் அவரு மெஷினோட வச்சுப் பாத்துருங்களேன். அஞ்சு நிமிஷ வேலை" என்றார். தராசுச் சோதனையை இவர் எனக்குச் சொல்லித் தருகிறார். ஜூலை 3ஆம் தேதி எல்லா அளவுகளோடும் போவேன் என்றேன். "அப்ப அதுவர?" என்றார். அதுவரை நாற்பது கழித்துக்கொள்வேன் என்றேன். விசிலை எடுத்து ஊதாமல் மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

ஜூன் 16, ஞாயிறு

வாரச் சோதனை. ஆவுடை: 176/104.

சோதனைக்கு உட்காரும்போது கை மதமதவென்று இருக்கிறது என்றாள். நேற்று கிரைண்டர் கெட்டுப்போய் ஆட்டுரலில் மாவாட்டினாள். கை மரத்துப்போகாமல் என்ன செய்யும்? கைப்பட்டை இறுக்குவதாலும் இருக்கும் என்று எழுதி வைக்கிறேன். கம்பெனிக்கு அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

மெஷின் எனக்கு 164. கழித்தால் 124.

விண்ணப்பத்தை முடித்துவிடலாம் என்று மூன்று நாள் முந்தியே சோதனை வைத்தேன். ஆவுடை: 182/108. பிழை கிட்டத்தட்ட அறுபது ஆகிவிட்டது. அப்படியானால் எனக்கும் அறுபது கழிக்க வேண்டுமே? கழித்தால் 104. நாற்பது என்றால் 124. எது சரி? ஒரு மணி நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏதோ இடிக்கிறது. சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கருவி ஒருவருக்கு ஏறிக்கொண்டே போய், இன்னொருவருக்கு மட்டும்

நாளைக்கு யோசிப்போம்.

ஜூன் 21, வெள்ளி

எழுத முடியவில்லை.

ஜூன் 22, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். நோட்டை எழுதாமல் வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது.

நேற்றுக் காலை ஆறே முக்கால். மூன்றாவது சுற்றில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் விசில் சத்தம். ஞானதுரை மாஸ்டரின் விசில். இத்தனை மாதத்தில் அவர் ஒரு தடவைகூட ஊதியது கிடையாது. திரும்பிப் பார்த்தால் ஆவுடை பெஞ்சில் சாய்ந்திருக்கிறாள். தண்ணீர் பாட்டில் கீழே உருண்டு கிடக்கிறது. மாஸ்டர் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அம்மா, ரெண்டு கையையும் தூக்குங்க" என்கிறார். வலது கை மேலே போயிற்று. இடது கை பாதியில் நின்று தொப்பென்று மடியில் விழுந்தது.

ஓடினேன். நாற்பது நிமிஷம் நடக்கிற கால்கள் அல்லவா, ஓடி வந்துவிட்டேன். வாய் இடது பக்கம் தொங்கியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்கு இருந்த அதே வாய்.

மாஸ்டர் காரில் டாக்டர் ஜெபராஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பன்னிரண்டு நிமிஷம். அவசரப் பிரிவில் நர்ஸ் பார்த்துவிட்டு, "206, 114" என்று உரக்கச் சொன்னாள்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். "வேற மெஷின்ல பாருங்கம்மா, இது கூடக் காட்டுது" என்றேன். நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பாதரசம் ஏறுகிற பழைய கருவியைக் கொண்டுவந்து டாக்டர் ஜெபராஜே பார்த்தார். அதிலும் 206. நடையின்போது நான் தோள்பையில் வைத்திருக்கிற என் மெஷினை, நானே எதற்கு என்று தெரியாமல், எடுத்து நீட்டினேன். அவர் அதையும் கட்டிப் பார்த்தார். 204.

மேலே ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். "ஒங்க மெஷின் சரியாத்தான் சார் இருக்கு. யாரு எழுதுனது இது?"

பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். பிரஷரைக் கொஞ்சம் இறக்கி, ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டார்கள். ரத்தக்கசிவு இல்லை, மூளைக்குப் போகிற ஒரு சின்னக் குழாயில் அடைப்பு. "நேரத்தோட கொண்டாந்துட்டீங்க" என்று டாக்டர் ஞானதுரை மாஸ்டரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் நோட்டைக் கேட்டார்.

நின்றுகொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஏப்ரல், மே எல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். "நல்லா எறங்கியிருக்கே, 138 வந்திருக்கே" என்றார். அடுத்த பக்கத்தில் விரல் நின்றது. 164. 168. 176. 182. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து வந்தார்.

"இது யாருக்குப் பாத்தது?"

வாய் வரவில்லை. எனக்கு ஒரு வாதமும் இல்லை. இருந்தும் அவள் பெயரைச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

ஆவுடைக்குப் பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. இடது கை விரல்கள் மெல்ல மடங்குகின்றன. எனக்கு 174. மாத்திரையை மறுபடி தொடங்கியாயிற்று. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மங்கை வந்துவிட்டாள். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாள்: "அப்பா, வீட்ல மெஷின் இருந்துச்சே. அம்மாவுக்கு ஒரு தடவயாச்சும் பாத்தீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

நோட்டு என் தோள்பையில் இருந்தது. ஆவுடை என்னைப் பார்த்தாள். நான்கு தடவை அவள் கையில் பட்டை கட்டியிருக்கிறேன். அவளுக்குத் தெரியாதா? மகள் பக்கம் திரும்பி, கொழகொழவென்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "எனக்கு... என்னைக்கும்... ஒண்ணும் வந்ததில்லல்லா. அப்பாவுக்கு... என்ன தெரியும்?"

எனக்காகப் பொய் சொல்ல, இரண்டு நாளாகச் சேர்த்து வைத்த பேச்சை எல்லாம் செலவழித்தாள். நான் வெளியே வந்து குழாயடியில் நின்று அழுதேன். ஒரு நர்ஸ் பார்த்துவிட்டுப் போனாள். பார்க்கட்டும்.

ஜூன் 24, திங்கள்

நோட்டை மங்கையிடம் கொடுத்துவிட்டேன். ஜூன் 2ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தே கொடுத்தேன். படித்தாள். மூடினாள். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். ஐந்து அடுக்கு. வெகுநேரம் கழுவினாள்.

திரும்பி வந்தபோது நோட்டை என் மடியில் வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிடவில்லை என்றேன். இட்லி வைத்தாள்.

ஜூன் 30, ஞாயிறு

அறுபத்தேழு.

நேற்று ஆவுடையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாத்திரை, கைக்கும் காலுக்கும் பயிற்சி, இன்னும் ஒரு வாரத்தில் மெல்ல நடை. முதலில் வராந்தாவில் ஐந்து நிமிஷம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. மூச்சைப் பிடித்துக்கொண்டு குடம் தூக்கவோ ஆட்டுரலில் ஆட்டவோ கூடாது. வீட்டில் இனி ஒரே குழம்பு. முதல் வாய் வைத்துவிட்டு, "த்தூ, இதையா மூணு மாசமா தின்னீங்க, பாவம்" என்றாள். வாய் இன்னும் லேசாகக் கோணித்தான் இருக்கிறது. அந்தக் கோணலோடு சிரித்தபோது எனக்குப் பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

ஒன்று இந்த நோட்டில் எழுதாமல் விட்டிருக்கிறேன். அசல் கல்லின்மேல் சந்தேகப்படக் கூடாது என்று ஜூன் 2ஆம் தேதி பெரிய வாத்தியார் மாதிரி எழுதியிருக்கிறேன். அது பாதிதான். அசல் கல்லும் தேயும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை அதை மதுரைக்குக் கொண்டுபோய் அங்கே இருக்கிற பெரிய கல்லோடு வைத்துச் சரிபார்த்து, சர்டிபிகேட் வாங்கி வர வேண்டும். முப்பத்திரண்டு வருஷமும் நான்தான் கொண்டுபோனேன். பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்திருப்பேன். கூட்டத்தில் நின்றுகொண்டு போக நேர்ந்தாலும் கீழே வைத்ததில்லை. ஒரு வருஷம்கூட நாள் தவறியதில்லை.

பித்தளைக்கு அவ்வளவு பார்த்தேன். ஆவுடையை நாற்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட எங்கும் கொண்டுபோய்க் காட்டவில்லை. டாக்டரே அம்மாவுக்கும் பாத்துருவோமா என்று கேட்டபோதும் வேண்டாம் என்று சொன்னேன். ஐந்து நிமிஷ வேலை.

அண்ணனுக்கு வந்தது எனக்கு வந்துவிடும் என்று எனக்காகப் பயந்ததில் ஒரு பங்கு அவளுக்காகப் பயந்திருந்தால் போதும்.

ஜூலை 3, புதன்

சொன்ன தேதிக்குப் போனோம். இரண்டு டோக்கன் எடுத்தேன். நர்ஸ், "யாரு முதல்ல?" என்றாள். ஆவுடை என்னைக் கை காட்டினாள். நான் அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

திரும்பி வரும் வழியில் செருப்புக் கடையில் பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கினோம். இது கழன்று போகாது.

ஜூலை 8, திங்கள்

மெஷின்மேல் ஒட்டியிருந்த காகிதத்தைத் தண்ணீர் தொட்டுக் கிழித்து எடுத்தேன். பசை போக மாட்டேன் என்கிறது. தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கிறது. இருக்கட்டும்.

வராந்தாவில் ஆவுடை ஆறு நிமிஷம் நடந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுக்கிறாள். நான் பின்னால் நடந்தேன். கோடி வரை போய் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். "என்ன... தேரு... வருமா?" என்றாள்.

வருகிறேன் என்றேன்.

ஆவுடை: 146/88.
நான்: 150/90.
எதையும் கழிக்கவில்லை.